சுவாமியார் இல்லாத இருபத்தொன்பது ஆண்டுகள்

இன்றைய உரையை 'அண்ணாவி' என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாமென எண்ணுகிறேன். வகுப்பிலே ஈழத்து நாட்டுக்கூத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் இச்சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டி வரும். கூத்தைப் பழக்குபவர், மத்தளம் அடிப்பவர், ஆட்டமும் பாட்டும் கைவந்த ஆசான் என்று கூறி மாணவரைக் குறிப்பெடுக்கச் சொல்வேன். இன்னும் சற்றுப் பின்னே சென்றால், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடு தொடக்கி எழுத்தறிவித்தவரும் அண்ணாவியாரே. இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்த இரண்டு பொருளும் போதுமானவையாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் மூன்றாவது பொருளொன்று உண்டு. அதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அம்மாவும் அம்மம்மாவும் நானும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையொன்றில் தங்கினோம். அறையின் மறுபாதியில் கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். இடையிலே இரண்டு வாங்குகளை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் ஒரு சேலையைப் போட்டிருந்தோம். சுவரென்றால் அதுதான் சுவர்.

மாலை மங்கியதும் அப்பக்கத்திலிருந்து ஒரு கிழவரின் குரல் எழும். மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். செபமாலை. ஒற்றைச் சாரமும் தோளில் ஒரு துவாயுமாக இருந்த அவரை எல்லோரும் 'அண்ணாவியார்' என்றே கூப்பிட்டார்கள். கூத்துப் பழக்குபவராக்கும் என்றுதான் நானும் எண்ணிக்கொண்டேன்.

மழைகாலத்தில் ஓரிரவு அவர்கள் பக்கத்துப் பெத்தாச்சி ஒருவருக்குக் கடுமையாயிற்று. மகள் அழுதுகொண்டு கேட்டது எனக்கு இன்றும் கேட்கிறது. "அண்ணாவியார், சுவாமியார் வருவாரோ?"

"வருவார் பிள்ளை. மழை விட வருவார். அதுமட்டும் நான் சொல்லுறன்."

அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். விடியும்வரை சொன்னார். சேலைச் சுவருக்கு இந்தப் பக்கம் என்னுடைய அம்மம்மா தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தா. பெத்தாச்சி விடியப்புறம் கண்ணை மூடிவிட்டா. பகலில் சுவாமியார் வெள்ளத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அண்ணாவியார் பின்னுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றார். இரவு முழுதும் அவர் விழித்திருந்ததைப் பற்றி யாரும் சுவாமியாரிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தக் காட்சிக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நிற்கிறதென்பதை நான் வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், நூலகத்தில் தூசி தட்டிய பின்பே அறிந்துகொண்டேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் என் மனத்திலிருந்த ஒரு கோணலையும் சொல்லிவிட வேண்டும். சைவக் குடும்பத்தில் பிறந்து, நாவலர் பெருமானின் பெயரைத் தினமும் கேட்டு வளர்ந்தவன் நான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர் என்ற செய்தியை நாங்கள் பாடமாக மட்டும் படிக்கவில்லை, மனக்காயமாகவும் படித்தோம். பசுவொன்றைப் பறங்கி அதிகாரிக்குக் கொடுக்க மனமின்றி இரவோடிரவாக ஊரைவிட்டுப் போன திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரின் கதையைக் கேட்டிராத சைவப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது. ஆதலால் அக்காலத்தில் கத்தோலிக்கரானவர்களைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் எளிமையானது: ஆட்சி அவர்கள் பக்கம் இருந்தது, பதவியும் வந்தது, மதமும் வந்தது.

இந்த எண்ணம் முழுவதும் பிழையென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் 1658க்குப் பின்பு நடந்ததை இது விளக்கவில்லை.

1658ஆம் ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. ஆயினும் அவர்கள் கல்வினின் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரைப் போர்த்துக்கலின் ஒற்றர்களாகவே அவர்கள் கண்டனர். குருமார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு ஒதுங்க இடங்கொடுத்தால் மரண தண்டனை என்ற கட்டளை அதே ஆண்டிலேயே பிறந்தது. பங்குக் கோயில்கள் எல்லாம் அப்படி அப்படியே புதிய சபைக்குக் கைமாறின. தெல்லிப்பழையிலும் மல்லாகத்திலும் அச்சுவேலியிலும் நேற்றுவரை பூசை நடந்த மண்டபத்தில் இன்று ஒல்லாந்தப் போதகரின் பிரசங்கம். அப்போதகர்களுள் ஒருவரான பிலிப்பு பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட தமது நூலில் இக்கோயில்களின் படங்களைக்கூடத் தந்திருக்கிறார்.

இனி ஒரு சாதாரண குடியானவனின் நிலையைப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் தண்டம். அந்தப் பாடசாலையில் சட்டம்பியார் படிப்பிப்பது புதிய சபையின் வினாவிடை. ஞானஸ்நானமும் விவாகமும் சட்டம்பியாரின் தோம்பில் பதியப்பட வேண்டும். பதியாத விவாகத்துக்குச் சட்டத்தின்முன் மதிப்பில்லை. அதில் பிறந்த பிள்ளைக்குக் காணியுரிமை கேள்விக்குறி. முதலியார், விதானை என்ற உத்தியோகம் வேண்டுமானால் புதிய சபையின் உறுப்பினனாக இருந்தாக வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் எந்த மதம் இலாபந் தந்ததோ, அதே மதம் இப்போது நட்டத்தைத் தந்தது. பதவிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் பதவிக்காகவே மறு சபைக்குப் போயிருக்க வேண்டும். பலர் போனார்கள். சைவத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு. போகாமல் நின்றவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. அவர்களை நிறுத்தி வைத்தது இலாபமன்று என்பது மட்டும் தெளிவு.

சைவர்களுக்கும் அக்காலம் இலகுவாக இருக்கவில்லை. விரதச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாழையிலையை வெளியே எறியாமல் கூரைக்குள் செருகி மறைத்தார்கள் என்ற கதையை என்னுடைய அம்மம்மா சொல்லுவா. அவவுக்கு அவவின் அம்மம்மா சொன்னது. பறங்கியருக்குப் பயந்தோ ஒல்லாந்தருக்குப் பயந்தோ என்பதில் அவவுக்குத் தெளிவில்லை. கூரைக்குள் செருகிய வாழையிலையும், அடுக்குப் பெட்டியின் அடியில் ஒளித்த செபமாலையும் ஒரே ஊரில், அடுத்தடுத்த வளவுகளில் இருந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் எனக்கு இந்த வரலாற்றைப் படித்தபோதுதான் வந்தது.

1658 முதல் 1687 வரை இருபத்தொன்பது ஆண்டுகள் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கருக்கென நிலைத்து நின்று பணிபுரியும் குரு எவரும் இல்லை. கத்தோலிக்க சமயத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். பூசை ஒப்புக்கொடுக்கக் குரு வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பளிக்கக் குரு வேண்டும். அவஸ்தைப்படுகிறவருக்கு எண்ணெய் பூசக் குரு வேண்டும். பொதுநிலையினர் செய்யக்கூடியது, ஆபத்து வேளையில் ஞானஸ்நானங் கொடுப்பதும், கூடியிருந்து செபஞ் சொல்வதும், சாகிறவரின் அருகேயிருந்து உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக் கொடுப்பதுந்தான். மன்னிப்பைக் கொடுக்க அவரால் முடியாது. மன்னிப்பைக் கேட்கக் கற்றுக் கொடுக்கலாம். தன்னால் பூரணமாகச் செய்ய முடியாததென்று தெரிந்துகொண்டே ஒரு பணியை ஆண்டுக்கணக்காகச் செய்வது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த மழையிரவில் அண்ணாவியார் "அதுமட்டும் நான் சொல்லுறன்" என்றாரே, அந்த 'அதுமட்டும்' என்பதற்குள் இதெல்லாம் அடங்கியிருந்தது.

இத்தகைய பொதுநிலையினர் திடீரென முளைத்தவர்கள் அல்லர். இதற்கொரு முன்வரலாறு உண்டு. 1542 தொடக்கம் முத்துக்குளித்துறையில் போதித்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தமையால் ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்துச் சென்றார். செபங்களைக் கற்பிப்பது, அவசர வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பது, விவாகத் தடைகளைக் குறித்து வைப்பது அவர்களின் கடமை. அவர்களுக்குச் சம்பளம் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட வருமானத்திலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. அரசியின் செருப்புக் காசில் தமிழ்க் கணக்கப்பிள்ளை செபஞ் சொல்லிக் கொடுத்தார். ஆனால் 1658க்குப் பின் செருப்புக் காசும் இல்லை, கணக்கப்பிள்ளை என்ற பதவியும் இல்லை. சம்பளம் நின்றபின்பும் வேலை தொடர்ந்தது.

அவர்கள் கையில் இருந்ததென்ன? தமிழாசிரியன் என்ற முறையில் இந்த வினா என்னை அதிகம் ஈர்க்கிறது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647இல் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை நமது இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியில் கடந்து செல்லப்படுவது. அதை நாங்கள் போர்த்துக்கேயர் காலத்து இலக்கியம் என்ற தலைப்பின்கீழ் எழுதி, இரண்டு மதிப்பெண் கொடுத்து முடித்துவிடுவோம். ஆனால் அம்மானை என்பது படிப்பதற்குரியதன்று, பாடுவதற்குரியது. எழுத்தறியாத பெண்ணொருத்தியும் கேட்டுக் கேட்டு மனனம் பண்ணக்கூடியது. ஏட்டைப் பறிக்கலாம். மனனத்தைப் பறிக்க எந்தக் கொம்பனியாலும் முடியாது. அப்பாட்டு அந்த இருபத்தொன்பது ஆண்டுகளிலும் வீடுகளுக்குள் பாடப்பட்டிருக்க வேண்டுமென்பது என் ஊகம். ஊகமென்றே கொள்க.

1687ஆம் ஆண்டு. கோவாவில் பிறந்த கொங்கணி பிராமண மரபினரான குரு ஒருவர், தமக்கு முப்பத்தாறு வயதாகும்போது, கூலியாளைப் போல வேடம் பூண்டு தூத்துக்குடி வழியாக இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் யோசேவ் வாஸ் அடிகள். 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆந் திகதி கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் புனிதராகவும் பிரகடனப்படுத்தப்பட்டவர். அவருடைய பெருமையைக் கூறும் நூல்கள் பல. 1745இலேயே அவரது வரலாறு லிஸ்பனில் அச்சாகிவிட்டது. அவற்றை மீண்டும் கூறுவது என் நோக்கமன்று. அவர் வந்திறங்கிய முதல் சில வாரங்களைத்தான் நான் கூர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

வந்ததும் வயிற்றோட்டம் கண்டு நடக்கவியலாதவரானார். கூட வந்த உதவியாளருக்கும் அதே நோய். தொற்றுநோயென்று அஞ்சி இருவரையும் ஊருக்குப் புறத்தே ஒரு கொட்டிலில் விட்டுவிட்டார்கள். அப்போது ஏழைப் பெண்ணொருத்தி நாள்தோறும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கஞ்சியில் உயிர் பிழைத்தார் அடிகள். அவள் கிறிஸ்தவளா சைவளா என்பது கூட நான் படித்த நூல்களில் தெளிவாக இல்லை. பெயரும் இல்லை. இலங்கைக் கத்தோலிக்கத்தின் மறுமலர்ச்சி என்று பேராசிரியர்கள் எழுதுவது அந்தக் கஞ்சிச் சிரட்டையிலிருந்து தொடங்குகிறது. இதை மிகைப்படுத்திக் கூறுவதாக எண்ணவேண்டாம். அவர் அங்கே இறந்திருந்தால் அடுத்த ஆளை அனுப்பக் கோவாவில் எவருக்கும் துணிவு வந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அடிகள் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். முகம் மாறிய வீடுகள் இருந்தன. அவ்வீட்டார் அவரை உடனே நம்பிவிடவுமில்லை. ஒல்லாந்தன் வைத்த பொறியாகவும் இருக்கலாமல்லவா? பின்னர் மெல்ல மெல்ல நம்பிக்கை வந்து, அவரைச் சில்லாலைக்கு அனுப்பி வைத்தனர். உறுதியான கத்தோலிக்கக் கிராமமாகிய சில்லாலையில் இரண்டாண்டுகளுக்கு மேல் தங்கியிருந்து, இரவிலே ஊர் ஊராய்ச் சென்று பணிபுரிந்தார்.

இங்கே ஒரு கேள்வியை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்கள் எப்படி அங்கே இருந்தார்கள்? 1658இல் பிறந்த பிள்ளைக்கு 1687இல் இருபத்தொன்பது வயது. குருவை வாழ்நாளில் கண்டிராதவன். பூசை பார்த்திராதவன். அவனுக்குச் செபமாலை இன்னதென்று சொல்லிக் கொடுத்தவர் யார்? தகப்பன், தாய், பேத்தி, பக்கத்து வளவுக் கிழவர். இவர்களுள் எவரையும் எந்த ஆயரும் நியமிக்கவில்லை. இவர்களுக்குப் பட்டமும் இல்லை, தோம்பில் இடமும் இல்லை. தோம்பில் பெயரிருந்தால் அது சீர்திருத்த சபையின் உறுப்பினர் என்ற பொய்ப் பெயர்தான். அடிகள் விதைக்க வரவில்லை. விளைந்து நின்றதைக் கண்டுகொள்ள வந்தார் என்றே நான் சொல்வேன்.

அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கத்தோலிக்கர் கூடியிருந்தபோது, ஆணையாளர் வான் றீடேயின் கட்டளைப்படி ஒல்லாந்தப் படையினர் வளைத்துக்கொண்டனர். ஏறத்தாழ முந்நூறு பேர் அகப்பட்டனர் என்பர். வாஸ் அடிகள் அகப்படவில்லை. பெண்கள் விடுவிக்கப்பட்டனர், ஆண்கள் பலருக்குத் தண்டம். எட்டுப் பேருக்குக் கசையடி. அவர்களுள் தொம் பேதுரு என்பவர் அடியினாலேயே இறந்தார். எஞ்சியோர் விலங்கிடப்பட்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பெயர் எஞ்சியது. ஏழு பெயர் போயிற்று. அந்த ஏழு பேரின் வீட்டில் அடுத்த நத்தாருக்கு யார் செபஞ் சொன்னார்கள் என்பதே எனக்குள் அடிக்கடி எழும் கேள்வி. எவரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அவ்வூர்களில் இன்று கோயில் இருக்காது.

மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் 1670 அளவில் வன்னிக் காட்டுக்குள் போயின என்பது மடுத் திருப்பதியின் தல மரபு. அதிலும் பெயர்கள் இல்லை. குடும்பங்களின் தொகை மட்டுமே உண்டு.

இந்நிலைக்கும் இன்னொரு தேசத்துக்கும் உள்ள ஒற்றுமையை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். யப்பானில் கடைசிக் குருவானவர் 1644இல் இறந்தார். அதன்பின் இருநூறாண்டுகளுக்கு மேலாக நாகசாகிப் பகுதிக் குடியானவர்களும் மீனவர்களும் தமக்குள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு வேதத்தைக் காத்தனர். ஒருவர் திருநாட்களின் நாட்கணக்கைக் காப்பவர், இன்னொருவர் ஞானஸ்நானம் கொடுப்பவர், மற்றொருவர் வீடு வீடாகச் செய்தி சொல்பவர். 1865 மார்ச் 17இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு அவர்களுட் சிலர் வந்து, மாதாவின் சுரூபம் எங்கே என்று இரகசியமாகக் கேட்டபோதுதான் உலகம் அவர்களை அறிந்தது. உலகம் யப்பானை வியந்து நூல்கள் எழுதிற்று. நமது கரையோரக் கிராமங்களைப் பற்றி அப்படி எழுதக் காணோம். இருபத்தொன்பது ஆண்டு என்பது இருநூறோடு பார்க்கச் சிறிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் எப்படியென்று தெரியாமல் வாழ்கிறவனுக்கு இருபத்தொன்பதும் இருநூறும் ஒன்றே.

வாஸ் அடிகள் செய்த மிகப் பெரிய காரியமாக நான் கருதுவது, அந்தப் பெயரற்ற தலைமைக்கு ஒரு பெயர் கொடுத்ததையே. தாம் ஒருவராக, பின்னர் கோவாவிலிருந்து வந்த சில குருமாருடன், தீவு முழுவதையும் சுற்ற வேண்டியிருந்தது. ஓரூருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போவதே அரிது. ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியும் என்ற ஒழுங்கு நிலைபெற்றது. மூப்பர் கோயிற் காரியங்களையும் ஊர்ப் பிணக்குகளையும் பார்ப்பவர். அண்ணாவி ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்துபவர், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிப்பவர், நோயாளியின் அருகே இருப்பவர். இவ்வழக்கு வடக்கோடு நின்றுவிடவில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் நடுவிலும் 'முப்பு', 'அன்னாவி' என்ற தமிழ்ச் சொற்களே வழங்கின. தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிடுவோர் சந்தைச் சொல்லையும் சமையற் சொல்லையும் தேடுகிறார்கள். செபத்தோடு போன இச்சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அண்ணாவிக்குச் செபஞ் சொல்லத் தெரியும். பிரசங்கம் பண்ணத் தெரியாதே? அதற்கும் ஒருவர் வழி கண்டார். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். தமிழில் 'சுவிசேஷ விரித்துரை'யும் 'வியாகுலப் பிரசங்க'மும் அவர் பெயரை நிலைநாட்டியவை. ஒல்லாந்தக் கொம்பனியிடம் அச்சியந்திரம் இருந்தது. 1737இல் கொழும்பில் அவர்கள் சிங்கள நூலே அச்சிட்டுவிட்டனர். கொன்சால்வெஸ் அடிகளிடம் இருந்தது ஓலையும் எழுத்தாணியும் பிரதிபண்ணும் ஆட்களுந்தான். குரு இல்லாத ஊரில் அண்ணாவி எடுத்து வாசிக்க, ஊர் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏடுகள் ஊர்தோறும் போயின. நாவலர் பெருமானுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, வீரமாமுனிவரின் சமகாலத்தில், கேட்போருக்கு விளங்கவேண்டிய தேவையிலிருந்து பிறந்த தமிழ் வசனம் இது. உரைநடை வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை. நாவலரைப் போற்றுகிற நான் இதைச் சொல்வதால் நாவலருக்குக் குறைவு வந்துவிடாது.

1711ஆம் ஆண்டு சனவரி 16இல் வாஸ் அடிகள் கண்டியில் காலமானார். 1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கருக்கெதிரான சட்டங்களை நீக்கினர். பின்பு ஐரோப்பியக் குருமார் வந்தனர், பெரிய கோயில்களும் கல்லூரிகளும் எழுந்தன. குருமார் பெருகப் பெருக அண்ணாவியாரின் இடம் சுருங்கியது. பின்னுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டார் என்று சொல்லலாம். கூத்து மேடையில் மட்டும் அவர் முன்னுக்கே நின்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் மன்னார்க் கூத்துக்களைப் பதிப்பிக்க முற்பட்டபோது அவற்றைக் காத்து வைத்திருந்தவர்கள் இத்தகைய அண்ணாவிமாரே. செபஞ் சொன்ன அண்ணாவியும் கூத்துப் பழக்கிய அண்ணாவியும் பல ஊர்களில் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். வகுப்பில் நான் சொல்லும் பொருள் முழுப் பிழையன்று.

இனித் தென்மராட்சிக்குத் திரும்புகிறேன். 1996 மாசி, பங்குனி. நாங்கள் இன்னும் அந்த வகுப்பறையில்தான். அவர்களுக்குத் தவசு காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் பின்னேரம் அண்ணாவியார் சேலைச் சுவரை விலக்கி என்னைக் கூப்பிட்டார். அவரது மூக்குக்கண்ணாடி பாலத்துச் சன நெரிசலில் போய்விட்டது. செபமெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு புத்தகம் வாசிக்க வேண்டும், கண் தெரியவில்லை.

"தம்பி நல்லா வாசிப்பியாம். கொம்மா சொன்னவ. இதை ஒருக்கா வாசிச்சு விடுவியோ?"

நான் அம்மம்மாவைப் பார்த்தேன். அவ கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வயசுபோன மனுசன் கேக்குது, வாசியன்" என்றா.

அட்டை கழன்ற பழம் புத்தகம். சிமினி விளக்கின் முன்னால் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். நீண்ட நீண்ட வாக்கியங்கள். பழைய தமிழ். ஒரு தாய் தன் மகனின் பாடுகளைக் கண்டு புலம்புவதாக இருந்தது. நான் பாடசாலையில் உரத்து வாசிப்பதுபோல நேராக வாசித்துக்கொண்டு போனேன். அண்ணாவியார் கையை நீட்டி நிறுத்தினார்.

"வாசிச்சாப் போதாது தம்பி. கொஞ்சம் இழுக்கோணும். செத்த வீட்டில அழுவினமெல்லே, அப்பிடி."

ஒரு வரியை அவர் இழுத்துக் காட்டினார். அதேபோல நானும் இழுத்தேன். சேலைக்கு அப்பாலிருந்த பெண்கள் விம்மத் தொடங்கினர். இப்பாலிருந்த அம்மாவும் கண்ணைத் துடைத்தா. வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தேன். அது என்ன புத்தகமென்று கேட்கவேண்டுமென்று கூடத் தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழக நூலகத்தில் 'வியாகுலப் பிரசங்க'த்தின் ஒரு பதிப்பைப் பிரித்தபோது, இரண்டாவது பக்கத்திலேயே என் குரல் தானாக இழுத்தது. பக்கத்து மேசையிலிருந்த சகமாணவர் நிமிர்ந்து பார்த்தார்.

சித்திரை மாதத்தில் தென்மராட்சியும் கலைந்தது. நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவர்களுள் சிலர் வன்னிக்குப் போனதாகச் சொன்னார்கள். அண்ணாவியாரை அதன்பின் நான் காணவில்லை. பின்னாளில் அக்கரைப் பக்கத்தவர்களைச் சந்தித்தபோது விசாரிக்க முயன்றேன். என்ன பெயர் என்று அவர்கள் கேட்டார்கள். ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தும் அதை நான் கேட்டு வைக்கவில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணாவியார்தானே.